செவ்வொளியும் சுருள் சிரையும்

நெடுநேரம் நின்று தொழில் செய்வோரின் கால்களை நீங்கள் கவனித்திருக்கக் கூடும். சமையற்காரர், பேருந்து நடத்துநர், ஆசிரியர், துணிக் கடைகளில் காலை முதல் இரவு வரை சேலைகளை விரித்துக் காட்டும் பெண்கள் ஆகிய பலருடைய கெண்டைக் காலில் தோலுக்கு அடியில் நீல நிறக் குழாய்கள் கயிறு போல் முறுக்கிப் புடைத்துக் கிடக்கும். 'நரம்பு சுருட்டிக்கொண்டது' என்று மக்கள் கூறுவர். உண்மையில் அவை நரம்புகள் அல்ல. உணர்ச்சியைக் கொண்டு செல்லும் நரம்பையும், இரத்தத்தைக் கொண்டு செல்லும் குழாயையும் நம் பேச்சு வழக்கு ஒரே சொல்லால் குறிப்பதனால் நேர்ந்த குழப்பம் அது. இதயத்திற்குத் திரும்பிச் செல்லும் இரத்தத்தைத் தாங்கும் குழாய்க்குச் சிரை என்று பெயர். ஆகவே மருத்துவ நூல்கள் இந்நோயைச் சுருள் சிரை நோய் என்கின்றன.

இந்நோய்க்குச் சிவப்பு விளக்கொளியைத் துணைச் சிகிச்சையாகக் கொள்ளலாம் என்ற பேச்சு இன்று பரவலாகக் கேட்கிறது. காலில் சுற்றிக்கொள்ளும் பட்டைகளாகவும், மேசை மேல் வைக்கும் பலகைகளாகவும் அவ்விளக்குகள் விற்பனைக்கு வந்துவிட்டன. விலையும் எளிய குடும்பங்களுக்கு எட்டுவதாக இல்லை. அவற்றை வாங்கலாமா என்று என்னைக் கேட்டவர்கள் உண்டு. நான் மருத்துவன் அல்லேன்; மருத்துவத்தின் வரலாற்றைப் படிப்பவன். எனவே எனக்குத் தெரிந்த வழியிலேயே விடை தேடினேன். சிரையைப் பற்றி மனிதன் அறிந்துகொண்டது எவ்வாறு, செவ்வொளியை மருந்தெனக் கருதத் தொடங்கியது எப்போது, இவ்விரண்டும் எங்கே சந்திக்கின்றன என்பவற்றை ஒருங்கே வைத்துப் பார்த்தால் விடை ஓரளவு தெளிவாகிறது.

முதலில் சிரையின் கதை. உரோமானியப் படைத் தலைவன் மாரியஸ் கி.மு. 157 முதல் 86 வரை வாழ்ந்தவன். அவனுடைய கால்கள் இரண்டிலும் சிரைகள் புடைத்திருந்தன என்று வரலாற்று ஆசிரியர் புளூட்டார்க் எழுதுகிறார். மயக்க மருந்து என்பதை உலகம் அறியாத காலம் அது. நோயாளியைக் கட்டிப் போட்டுத்தான் அறுப்பார்கள். மாரியசோ, தன்னைக் கட்டக் கூடாது என்று மறுத்து ஒரு காலை நீட்டினான். வைத்தியர் அறுத்து முடிக்கும் வரையில் அவன் அசையவும் இல்லை, முனகவும் இல்லை. அவர் அடுத்த காலுக்கு வந்தபோது மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டான். படும் துன்பத்திற்கு ஏற்ற பயன் அச்சிகிச்சையில் இல்லை என்பது அவன் கண்ட முடிவு. சிகிச்சையின் பயனையும் விலையையும் ஒப்பிட்டுப் பார்த்த நோயாளிகளுள் இவன் முன்னோடி எனலாம்.

அறுத்தவருக்கும் அறுபட்டவனுக்கும் சிரை ஏன் சுருள்கிறது என்பது தெரியாது. அதனை விளக்கும் திறவுகோல் இத்தாலியில் பதுவா நகரத்தில் கிடைத்தது. அங்கே உடற்கூற்றுப் பேராசிரியராக இருந்த ஃபாப்ரீசியஸ், சிரைகளின் உட்புறத்தில் மெல்லிய மடிப்புகள் இருப்பதை 1574 ஆம் ஆண்டில் கண்டார்; 1603 இல் அவற்றைப் பற்றித் தனி நூலே வெளியிட்டார். அம்மடிப்புகளுக்கு அவர் இட்ட இலத்தீன் பெயரின் பொருள் 'சிறு கதவுகள்' என்பது. பெயர் மிகப் பொருத்தமானது. ஆனால், கதவைக் கண்டவர் அது எப்பக்கம் திறக்கிறது என்பதைப் பிழையாகவே கருதினார். இரத்தம் உடலின் நடுவிலிருந்து கைகால்களை நோக்கிப் பாய்கிறது என்பது அக்காலக் கொள்கை. பாயும் வேகத்தைத் தணித்து, இரத்தம் கைகால்களில் வந்து தேங்காமல் காப்பதே கதவின் வேலை என்று ஃபாப்ரீசியஸ் எண்ணினார்.

அவரிடம் பாடம் கேட்ட ஆங்கில மாணவர் ஒருவர் 1602 இல் பதுவாவில் பட்டம் பெற்றுத் தாய் நாடு திரும்பினார். அவர்தாம் வில்லியம் ஹார்வி. இரத்தம் சுற்றி ஓடுகிறது என்று 1628 இல் உலகுக்கு அறிவித்த ஹார்வி, அந்த எண்ணம் தமக்கு முதலில் தோன்றியதற்குச் சிரைகளின் கதவுகளே காரணம் என்று பிற்காலத்தில் ராபர்ட் பாயிலிடம் கூறியிருக்கிறார். ஆசிரியர் காட்டிய அதே கதவுகள் இதயத்தை நோக்கி மட்டுமே திறக்கின்றன என்பதை மாணவர் கண்டுகொண்டார். அவர் தம் நூலில் படம் போட்டுக் காட்டிய சோதனையை நீங்களும் செய்து பார்க்கலாம். கையைச் சற்று நேரம் தொங்கவிட்டு, முன்கையில் தெளிவாகத் தெரியும் சிரை ஒன்றை மணிக்கட்டின் பக்கம் ஒரு விரலால் அழுத்திக்கொள்ளுங்கள். வேறு விரலால் அங்கிருந்து முழங்கையை நோக்கி அதனை வழித்துவிடுங்கள். அழுத்திய விரலுக்கும் மேலே உள்ள கதவுக்கும் இடையில் சிரை வெறுமையாகவே நிற்கும். மேலிருந்து இரத்தம் திரும்பி வராது. அழுத்திய விரலை எடுத்ததும் கீழிருந்து குபீரென்று நிரம்பும்.

இக்கதவுகள் பழுதுபடுவதே சுருள் சிரை நோய். அசையாமல் நிற்கும் மனிதனின் கணுக்கால் சிரையில் அழுத்தம் சுமார் 90 மில்லிமீட்டர் பாதரச அளவுக்கு ஏறி நிற்கும். இதயத்திலிருந்து கணுக்கால் வரையுள்ள இரத்தத் தூணின் பாரமே அது. நடக்கும்போது கெண்டைத் தசை சுருங்கி இரத்தத்தை மேலே தள்ளுகிறது. கதவுகள் அதனைக் கீழே விழாமல் தாங்குகின்றன. நல்ல கால்களில் அழுத்தம் அப்போது 30 அளவுக்கோ அதற்கும் கீழோ இறங்கிவிடும். சிரையின் சுவர் தளர்ந்து விரிந்தால் கதவின் இரண்டு இதழ்களும் ஒன்றையொன்று தொடுவதில்லை. இடைவெளி வழியே இரத்தம் கீழே வழிகிறது. நடந்தாலும் அழுத்தம் போதிய அளவு தணிவதில்லை. ஆண்டுக் கணக்கில் இந்நிலை நீடித்தால் கணுக்காலின் தோல் கருத்துத் தடித்து, ஒரு சிறு கீறல்கூட ஆறாத புண்ணாகிவிடும். பரம்பரை, மகப்பேறு, வயது, உடற்பருமன், நெடுநேரம் நிற்றல் ஆகிய பலவும் இதற்கு வழி செய்கின்றன.

இது பெரும்பாலும் பௌதிகச் சிக்கல் என்பதை நன்றாக மனத்தில் கொள்ள வேண்டும். ஆகவேதான் நெடுங்காலம் நிலைத்து நின்ற சிகிச்சையும் பௌதிகச் சிகிச்சையாகவே இருந்து வந்திருக்கிறது. காலைக் கட்டுவதே அது. இங்கிலாந்தில் இரண்டாம் சார்லஸ் மன்னரின் அறுவை மருத்துவராக இருந்த ரிச்சர்டு வைஸ்மன் 1676 இல் வெளியிட்ட நூலில், புண் பிடித்த கால்களுக்குக் கயிறு கோத்து இறுக்கும் தோல் காலுறையைப் பற்றி எழுதினார். ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகளுக்குப் பின் அமெரிக்காவில் ஒகையோ மாநிலத்தில் வாழ்ந்த கான்ராடு ஜோப்ஸ்டு என்னும் பொறியாளர் அதே வழியில் ஒரு படி மேலே சென்றார். அவருக்கே கால்களில் சிரை நோய். நீச்சல் குளத்தில் நிற்கும்போது மட்டும் வலி குறைவதை அவர் உணர்ந்தார். நீரின் அழுத்தம் ஆழம் செல்லச் செல்ல மிகும் அல்லவா? கணுக்காலில் மிகுதியாகவும் மேலே போகப் போகக் குறைவாகவும் அழுத்தும் காலுறையை 1950 ஆம் ஆண்டையொட்டி அவர் உருவாக்கினார். இன்று மருத்துவர்கள் எழுதிக் கொடுக்கும் காலுறைகள் அதன் வழித் தோன்றல்களே. காலுக்கு வரும் தமனிகள் அடைபட்டிருப்பவர்களுக்கு இறுக்கமான கட்டு தீங்கு செய்யும். ஆதலால் மருத்துவரைக் கேளாமல் அதனையும் அணியலாகாது.

இனி, ஒளியின் கதைக்கு வருவோம்.

சிவப்பு நிறம் நோய் தீர்க்கும் என்ற நம்பிக்கை மிகப் பழையது. பதினான்காம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் வாழ்ந்த ஜான் என்னும் கேட்ஸ்டன் ஊர் மருத்துவர், அரச குமாரன் ஒருவனுக்குப் பெரியம்மை கண்டபோது படுக்கையைச் சுற்றிலும் சிவப்புத் துணி கட்டிக் குணப்படுத்தியதாக எழுதி வைத்திருக்கிறார். ஜப்பானியரும் அம்மை கண்ட குழந்தைக்குச் சிவப்பு உடை உடுத்திச் சிவப்பு மையால் அச்சிட்ட படங்களை அருகில் வைத்தனர். தொடர்பில்லாத இரண்டு நாடுகளில் ஒரே வழக்கம் இருந்தது என்பதனால் அது உண்மையாகிவிடாது. எனினும், பிற்காலத்தில் ஓர் அறிவியல் அறிஞரையே அது கவர்ந்தது.

அவர் நீல்ஸ் ஃபின்சன். வட அட்லாண்டிக் கடலில் உள்ள ஃபாரோ தீவுகளில் 1860 டிசம்பர் 15 இல் பிறந்தவர். ஐஸ்லாந்தில் பள்ளிக் கல்வி பெற்றவர். டென்மார்க்கின் தலைநகர் கோப்பன்ஹேகனில் மருத்துவம் பயின்று 1890 இல் தேறியவர். குளிர்காலத்தில் சில மணி நேரமே கதிரவனைக் காணும் நாடுகளில் வளர்ந்தவருக்கு வெயிலின் அருமை தெரியாமல் இருக்குமா? அதற்கு மேல், மாணவப் பருவத்திலேயே இதயத்தையும் ஈரலையும் பற்றிய கொடிய நோய் அவரைப் பிடித்துக்கொண்டது. வடக்கு நோக்கிய வீட்டில் சோகையும் சோர்வுமாக வாழ்ந்தபோது, வெயில் கிடைத்தால் தம் உடல் தேறுமோ என்ற எண்ணம் பிறந்ததாக அவரே கூறியிருக்கிறார். வெப்ப நாட்டில் பிறந்து நிழலைத் தேடி ஓடும் நமக்கு இந்த ஏக்கம் எளிதில் விளங்காது.

ஃபின்சன் 1893 இல் பெரியம்மையைப் பற்றி ஒரு கருத்தை வெளியிட்டார். கதிரவன் ஒளியில் உள்ள நீல, ஊதாக் கதிர்களே அம்மைக் கொப்புளங்களைச் சீழ் பிடிக்கச் செய்து வடுவை உண்டாக்குகின்றன. ஆகவே, அறையின் சன்னல்களுக்குச் சிவப்புத் திரையிட்டு அக்கதிர்களைத் தடுத்துவிட்டால் வடு விழாது என்றார். புகைப்படம் கழுவும் அறையை அக்காலத்தில் சிவப்பு விளக்கோடு வைத்திருந்தது போலத்தான் இதுவும். இங்கே கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. சிவப்பொளி நன்மை செய்யும் என்று ஃபின்சன் சொல்லவில்லை. தீமை செய்யும் கதிர்கள் அதில் இல்லை என்றே சொன்னார். நார்வேயில் பெர்கன் நகர மருத்துவர்கள் அவ்வாறே செய்து பார்த்து, நல்ல பலன் கண்டதாகத் தெரிவித்தனர். ஐரோப்பிய மருத்துவ மனைகளில் சிவப்பு அறைகள் தோன்றின. 1904 இல் லண்டனில் அம்மை மருத்துவத்தில் பழுத்த அனுபவமுடைய ரிக்கெட்ஸ், பைல்ஸ் என்னும் இருவர் தாமும் சோதித்து, எவ்விதப் பயனும் இல்லை என்று 'லான்செட்' இதழில் எழுதினர். முன்னவர்களுக்குப் பலன் தெரிந்தது எப்படி? பெரியம்மை எல்லோருக்கும் ஒரே கடுமையோடு வருவதில்லை. முன்பே அம்மை குத்திக்கொண்டவருக்கு வடு குறைவாகவே விழும். சிவப்பு அறையில் இருந்தவரைச் சாதாரண அறையில் இருந்த அதே நிலையினரோடு ஒப்பிட்டுப் பார்க்காத வரையில், இயற்கை செய்த உதவி திரையின் கணக்கில் எழுதப்பட்டுவிடும்.

இவ்வளவோடு ஃபின்சனின் வரலாறு முடிந்திருந்தால் இன்று அவர் பெயரை யாரும் அறிந்திருக்கமாட்டார்கள். அவருடைய புகழுக்குக் காரணம் செவ்வொளி அன்று. அதற்கு எதிர்க் கோடியில் உள்ள நீல, ஊதாக் கதிர்கள். கதிரவன் ஒளி நுண்ணுயிர்களைக் கொல்கிறது என்று டௌன்ஸ், பிளண்ட் என்னும் ஆங்கில அறிஞர் இருவர் 1877 இல் காட்டியிருந்தனர். காச நோய்க் கிருமியை ராபர்ட் கோக் 1882 இல் கண்டுபிடித்திருந்தார். அக்கிருமி முகத்தின் தோலைப் பற்றினால் மூக்கும் கன்னமும் சிறிது சிறிதாக அரித்துப் போகும். அத்தகைய நோயாளிகள் வேலையும் நட்பும் இழந்து வீட்டுக்குள் ஒளிந்து வாழ்ந்தனர். கோப்பன்ஹேகன் மின்விளக்கு நிலையப் பொறியாளர் ஒருவர் அந்நோயால் பல ஆண்டுகள் வருந்தி, எல்லாச் சிகிச்சைகளையும் கண்டு சலித்தவர். 1895 நவம்பரில் ஃபின்சன் அவர் முகத்தில் கார்பன் வில் விளக்கின் ஒளியைக் குவித்துப் பாய்ச்சினார். சில மாதங்களில் புண் ஆறியது.

விளக்கின் அமைப்பைச் சற்று நின்று நோக்குவது நலம். வில் விளக்கின் சூடு தோலைச் சுட்டுவிடாதபடி, குளிர்ந்த நீர் நிரம்பிய குழலின் வழியே ஒளி செலுத்தப்பட்டது. ஒளி படும் இடத்தில் பளிங்குக் கல்லால் ஆன தட்டு ஒன்றைத் தாதி கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டே இருப்பாள். எதற்காக? தோலில் ஓடும் இரத்தம் ஒளியை விழுங்கிவிடுகிறது. இரத்தத்தை அழுத்தி விலக்கினால்தான் கதிர் உள்ளே இறங்கும். இதனை ஃபின்சன் சோதித்தே அறிந்திருந்தார். சிகிச்சை ஒவ்வொரு நாளும் ஒரு மணி நேரத்திற்கும் மேல், மாதக் கணக்கில் நடந்தது. 1896 இல் ஃபின்சன் நிலையம் நிறுவப்பட்டது. முதல் சில ஆண்டுகளிலேயே நூற்றுக் கணக்கானோர் அங்கே முகம் மீண்டனர். டென்மார்க்கில் பிறந்து இங்கிலாந்தின் இளவரசரை மணந்திருந்த அலெக்சாண்டிராவின் முயற்சியால் 1900 இல் அவ்விளக்கு லண்டன் மருத்துவ மனைக்கு வந்தது.

ஃபின்சனுக்கு 1903 இல் மருத்துவத்திற்கான நோபல் பரிசு அளிக்கப்பட்டது. (முந்திய ஆண்டு அதே பரிசைப் பெற்றவர், நம் நாட்டில் செகந்திராபாத்தில் மலேரியாவை ஆராய்ந்த ரொனால்டு ராஸ்.) விழாவுக்குச் செல்ல இயலாத நிலையில் ஃபின்சன் நாற்காலி வண்டியில் முடங்கியிருந்தார். பரிசுத் தொகையில் பெரும் பகுதியைத் தம் நிலையத்திற்கும், இதய ஈரல் நோயாளிகளின் விடுதிக்கும் கொடுத்துவிட்டு, 1904 செப்டம்பர் 24 இல் தம் நாற்பத்து மூன்றாம் வயதில் மறைந்தார். அவரைப் பற்றி நின்ற நோயை ஒளி தீர்க்கவில்லை.

இவ்வரலாற்றுக்கு ஒரு பின்னுரை உண்டு. டென்மார்க்கு ஆராய்ச்சியாளர்கள் ஃபின்சனின் பழைய விளக்குகளை எடுத்துச் சோதித்து 2005 இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். கிருமிகளை நேரே கொல்லும் என்று கருதப்பட்ட குறுகிய அலைகள் அவ்விளக்கின் வில்லைகளைக் கடந்து வரவே இல்லையாம். காசக் கிருமிக்குள் இயல்பாகவே இருக்கும் பார்ஃபிரின் என்னும் பொருள், கடந்து வந்த நீல ஒளியை ஏற்று நச்சு ஆக்சிசனை விளைவித்து, அக்கிருமியையே அழித்திருக்க வேண்டும் என்பது அவர்கள் கண்ட விளக்கம். அம்மையில் ஃபின்சனின் காரணம் அழகாக இருந்தது, பலன் இல்லை. தோல் காசத்தில் காரணம் பிழையாக இருந்தது, பலன் இருந்தது. 'இவ்வாறு வேலை செய்கிறது' என்ற விளக்கத்தைக் கேட்டு எந்தச் சிகிச்சையையும் ஏற்றுக்கொள்ள நான் தயங்குவதற்கு இதுவே காரணம்.

காச நோய்க்கு மருந்துகள் வந்தபின் ஃபின்சன் விளக்குகள் அணைந்தன. செவ்வொளி மீண்டும் மருத்துவத்துக்குள் நுழைந்தது வேறு வாயிலால். 1960 மே 16 இல் கலிபோர்னியாவில் தியோடர் மைமன் முதல் லேசரை ஒளிரச் செய்தார். அதன் உயிர்நாடி ஒரு மாணிக்கக் கல். அது வீசிய கதிர் 694 நானோமீட்டர் அலைநீளமுடைய செந்நிறக் கதிர். அதனால் புற்றுக் கட்டிகளை எரிக்கலாம் என்று அமெரிக்காவில் சோதனைகள் நடந்தன. ஹங்கேரியின் தலைநகர் புடாபெஸ்டில் எண்டிரே மெஸ்டர் என்னும் அறுவை மருத்துவர் தாமும் எலிகளின் மீது அதனைச் செலுத்திப் பார்த்தார். அவருடைய கருவியின் ஆற்றல் குறைவு, கட்டிகள் அழியவில்லை. ஆனால், சோதனைக்காக மயிர் மழித்திருந்த இடத்தில், ஒளி பட்ட எலிகளுக்கு மயிர் விரைவாக வளர்ந்தது! 1967 இல் நிகழ்ந்த இந்த எதிர்பாராத விளைவே இன்றைய செவ்வொளிச் சிகிச்சை முழுவதற்கும் வித்து. மெஸ்டர் அடுத்து எலிகளின் காயங்களையும், எழுபதுகளில் மனிதரின் ஆறாத புண்களையும் சோதித்தார். ஆறாத கால் புண்களுள் பெரும் பங்கு சிரை நோயால் வருபவை. சிரையும் செவ்வொளியும் முதன் முதலாகச் சந்தித்த இடம் அதுதான். அவை சந்தித்தது புண்ணில், கதவில் அன்று.

செவ்வொளி உயிரணுவில் ஏதேனும் செய்கிறதா என்றால், செய்கிறது என்றே தோன்றுகிறது. உயிரணுக்களுக்கு ஆற்றல் வழங்கும் மைட்டோகாண்டிரியா என்னும் நுண்ணுறுப்பில் உள்ள ஒரு நொதி செவ்வொளியை ஏற்பதாகவும், அதனால் அணுவின் உழைப்பு மிகுவதாகவும் ஆராய்ச்சியாளர் பலர் கருதுகின்றனர். அளவு மிகுந்தால் பயன் குறைந்துவிடுகிறது என்பதும் அவர்கள் கண்ட உண்மை. செவ்வொளி மற்ற நிறங்களை விட உடலில் ஆழமாகப் புகும் என்பதற்குச் சான்று உங்கள் கையிலேயே இருக்கிறது. இருட்டில் ஒரு கைவிளக்கின் முகத்தை விரல்களால் மூடிப் பாருங்கள். வெள்ளொளியில் நீலத்தையும் பச்சையையும் இரத்தம் விழுங்கிவிட, விரல்கள் செந்நிறமாக ஒளிரும். விரலின் பருமனுக்குள்ளேயே ஒளி எவ்வளவு மங்கிவிடுகிறது என்பதையும் அதே வேளையில் காண்பீர்கள்.

சோதனைகள் என்ன கூறின? கால் புண்களுக்கு லேசர் சிகிச்சை அளித்து நடந்த ஆராய்ச்சிகளைத் திரட்டி ஆராய்ந்த காக்ரேன் குழுவின் மதிப்பீடு 1999 இல் வெளிவந்தது. தரமான ஒப்பீடுகள் நான்கே கிடைத்தன. மெய்யான லேசரைப் பொய்யான விளக்கோடு ஒப்பிட்ட இரண்டு ஆராய்ச்சிகளிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. முப்பது பேரைக் கொண்ட ஓர் ஆராய்ச்சியில் மட்டும், லேசரும் அகச்சிவப்பொளியும் சேர்ந்து பெற்றவர்கள் சாதாரணச் செவ்வொளி பெற்றவர்களை விடச் சிறந்த பலன் கண்டனர். முப்பது பேரை வைத்து உலகுக்கு விதி வகுக்க முடியாது. கைவிடவும் முடியாது, மேலும் சோதிக்கலாம் என்பதற்கு அது போதும்.

பொய் விளக்கு எதற்கு என்று கேட்பீர்கள். ஒருவர் மாலை வேளையில் இருபது நிமிடம் படுத்து, காலைத் தலையணை மேல் உயர்த்தி, விளக்கொளியில் காட்டுகிறார் என்று வையுங்கள். எழும்போது வீக்கம் வடிந்திருக்கும், கடுப்பும் தணிந்திருக்கும். காலை உயர்த்தினால் சிரையில் தேங்கிய இரத்தம் தானே இறங்கிப் போகிறது. விளக்கு அணைந்திருந்தாலும் அது நிகழ்ந்தே தீரும். விளக்கின் பங்கு எவ்வளவு, தலையணையின் பங்கு எவ்வளவு என்று பிரித்தறிய, ஒளியற்ற விளக்கின் கீழ் படுத்தவர்களும் வேண்டும். பெர்கன் மருத்துவர்கள் விட்ட குறை இதுவே.

செவ்வொளியை வெறும் ஏமாற்று என்று ஒதுக்கிவிடுவதும் நேர்மை ஆகாது. புற்றுநோய்ச் சிகிச்சை பெறுவோர் சிலருக்கு வாய் முழுவதும் வெந்து, உணவும் நீரும் இறங்காத துன்பம் உண்டாகும். அதனைத் தடுப்பதற்குக் குறைந்த ஆற்றல் ஒளியைப் பன்னாட்டு நிபுணர் குழு 2014 இல் வெளியிட்ட நெறிமுறைகளில் பரிந்துரைத்தது. பொய் விளக்கோடு ஒப்பிட்டுச் சோதித்த பின்னர் வந்த பரிந்துரை அது. சிரைப் புண்ணுக்கு அத்தகைய உறுதி இன்னும் வரவில்லை. புண்ணில்லாத, வெறுமே புடைத்துச் சுருண்ட சிரையை எடுத்துக்கொண்டால் நிலை இன்னும் மெலிது. தளர்ந்து விரிந்த சுவரைச் சுருக்கிக் கதவின் இதழ்களை மீண்டும் பொருந்தச் செய்யும் என்று எதிர்பார்ப்பதற்கு ஃபின்சனிடமும் மெஸ்டரிடமும் ஆதாரம் இல்லை. 'துணைச் சிகிச்சை' என்ற சொல்லைப் பயன்படுத்துகிறவர்கள், துணை எதற்கு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். காலுறைக்கும் நடைக்கும் மருத்துவர் செய்யும் சிகிச்சைக்கும் துணையாக விளக்கு இருந்தால் பெரும் கேடில்லை. கண்ணில் ஒளி படாமல் காத்துக்கொள்ள வேண்டும், ஒளியால் தோல் புண்படச் செய்யும் மருந்துகளை உண்பவர் விலக வேண்டும். காலுறை வாங்க வைத்திருந்த பணத்தை விளக்குக்குக் கொடுத்துவிட்டு ஆறு மாதம் காத்திருப்பதில்தான் கேடு இருக்கிறது. அதற்குள் கருத்த தோல் புண்ணாகிவிடலாம்.

இதற்கிடையில், லேசர் உண்மையாகவே சிரை நோயை வென்ற இடம் ஒன்று உண்டு. பெயர் ஒற்றுமையால் பலர் இரண்டையும் குழப்பிக்கொள்கின்றனர். ஸ்பெயின் நாட்டு மருத்துவர் கார்லோஸ் போனே 1999 இல் வெளியிட்ட முறையில், நூல் போன்ற கண்ணாடி இழை ஒன்று சிரைக்குள்ளேயே செலுத்தப்படுகிறது. இழையின் முனையில் வரும் லேசர் சிரையின் சுவரைச் சுட்டு மூடிவிடுகிறது. இரத்தம் நல்ல சிரைகளின் வழியே மாற்றுப் பாதை தேடிக்கொள்கிறது. ஃபின்சன் குளிர்ந்த நீரால் விலக்கிய வெப்பமே இங்கே வேலை செய்கிறது. கதவைப் பழுது பார்க்காமல் பாதையையே அடைத்துவிடுவது இதன் உபாயம். சிரைப் புண் உடைய 450 பேரிடம் பிரிட்டனில் நடந்த ஆராய்ச்சியின் முடிவு 2018 இல் வெளிவந்தது. எல்லோருக்கும் அழுத்தக் கட்டு உண்டு. அதனோடு, பழுதுற்ற சிரையை இவ்வாறு உள்ளிருந்து அடைக்கும் சிகிச்சையைக் காலம் தாழ்த்தாமல் பெற்றவர்களின் புண் ஆற இடைநிலைக் கணக்கில் 56 நாட்கள் ஆயின. தள்ளிப் போட்டவர்களுக்கு 82 நாட்கள் ஆயின.

மாரியசின் ஒரு காலில் தொடங்கிய கதை ஆராய்ச்சி நிலையங்களோடு நின்றுவிடவில்லை. நோய்க்கு வழி செய்பவற்றுள் பரம்பரையையும் வயதையும் நம்மால் மாற்ற இயலாது. நிற்கும் நேரத்தை மாற்றலாம். கடைகளில் நாள் முழுவதும் உட்கார இடமின்றி நின்ற பெண்களின் கிளர்ச்சிக்குப் பிறகு 2018 இல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாட்டுச் சட்ட மன்றம் 2021 செப்டம்பரில் கடைகள், நிறுவனங்கள் பற்றிய சட்டத்தைத் திருத்தி, பணியாளர் அனைவருக்கும் இருக்கை வைக்க வேண்டும் என்றும், வேலைக்கு இடையே வாய்ப்புக் கிடைக்கும் போதெல்லாம் அவர்கள் உட்காரலாம் என்றும் விதித்தது. நின்றுகொண்டே இருப்பதால் வரும் உடல்நலக் கேடுகள் அதற்குக் காரணமாகக் காட்டப்பட்டன. அடுத்த முறை துணி எடுக்கக் கடைக்குப் போகும்போது அந்த இருக்கை எங்கே போடப்பட்டிருக்கிறது, அதில் யாரேனும் உட்கார்ந்திருக்கிறார்களா என்று பாருங்கள்.